கூத்தை ஒலிபரப்ப எந்த வழி: தனியார் பண்பலையா, இணையமா, நேயர் பணத்தில் நடக்கும் சமுதாய வானொலியா?

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட ஊர்களில் நடக்கும் தெருக்கூத்தையும் பாரதப் பிரசங்கத்தையும் பதிவு செய்து, வாரம் ஒரு மணி நேரம் ஒலிபரப்ப வேண்டும் என்று நாங்கள் ஐந்து பேர் முடிவு செய்தபோது மூன்று வழிகள் தெரிந்தன. தனியார் பண்பலையில் நேரம் வாங்கலாம். இணையத்தில் நாங்களே ஒரு வானொலி தொடங்கலாம். உள்ளூர் மக்களுக்காகக் கல்லூரியோ தொண்டு நிறுவனமோ நடத்தும் பக்கத்துச் சமுதாய வானொலியில் தன்னார்வலர்களாகச் சேர்ந்து, நிகழ்ச்சித் தயாரிப்புக்கான செலவை மட்டும் நேயர்களிடம் பெறலாம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆகாசவாணியில் நிகழ்ச்சியை வடிவமைப்பது நிலையத்தின் பொறுப்பு என்பதால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

வானொலிப் பெட்டியில் கேட்பதென்றால், எட்டும் தொலைவில் தனியார் பண்பலையே மேல். சமுதாய வானொலிக்குப் பொதுவாக 100 வாட் திறனும் 30 மீட்டர் கோபுரமுமே அனுமதி. பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் அது கேட்பதில்லை. இணையத்துக்கு எல்லை கிடையாது. ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபின், மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இல்லாமல் இருந்த நாட்களை மறக்காதவர்களுக்கு, மின்கலத்தில் ஓடும் சிறிய வானொலிப் பெட்டியின் மதிப்பைச் சொல்லத் தேவையில்லை. 2015 வெள்ளத்துக்குப் பின் கடலூரில் ‘பேரிடர் கால வானொலி’ தொடங்கப்பட்டதும் இந்தத் தேவையை உணர்ந்துதான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இவற்றில் எதுவும் அன்று. மாதா மாதம் ஆகும் செலவை யார் தருகிறார்கள் என்ற கேள்விதான். விளம்பர வருவாயில் நடக்கும் நிலையம் தன் நேரத்தைப் பத்து விநாடிக் கணக்கில் விற்கிறது. ஆகவே அங்கே ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. நாங்கள் அணுகிய ஒரு நிலையத்தார் மரியாதையுடன்தான் பேசினார்கள். ஆனால் மூன்று நிமிடத் துண்டுகளாக வெட்டித் தந்தால் மட்டுமே சேர்க்க இயலும் என்றார்கள். கூத்தில் வேடம் கட்டியவர் திரைக்குப் பின்னால் நின்று திரை விருத்தம் பாடி முடிக்கவே மூன்று நிமிடம் போதாது. முகவீணையும் ஆர்மோனியமும் சுருதி சேர்ந்து, மத்தளம் அடங்கி, கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் ‘வருவது யார்’ என்று கேட்கும் வரையுள்ள காத்திருப்பும் கூத்தின் பகுதியே. அதை வெட்டினால் மிஞ்சுவது பாட்டு மட்டும்தான், கூத்து அன்று.

நேயர் பணத்தில் வானொலி நடத்துவதை அமெரிக்காவில் 1949இல் பெர்க்லி நகரில் லூயிஸ் ஹில் தொடங்கிய கேபிஎஃப்ஏ நிலையம் முதலில் நிலைநிறுத்தியது. 1950இல் பணம் தீர்ந்து அது ஒலிபரப்பை நிறுத்த நேர்ந்தது. நேயர்கள் பணம் திரட்டித் தந்த பிறகு, மறு ஆண்டு மீண்டும் ஒலித்தது. கேட்பதற்குக் கட்டணம் இல்லை. கொடுக்க முடிந்தவர் கொடுப்பதால் கொடாதவரும் கேட்கிறார். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் தலைக்கட்டு வரிதான் நினைவுக்கு வந்தது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து என்று நடக்கும் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துத் தருவதும், பக்கத்து ஊர்க்காரரும் வந்து முன்வரிசையில் பாய் விரித்து அமர்வதும் நமக்குப் பழகிய வழக்கம். அர்ஜுனன் தபசு மரம் ஏறும் இரவை எவ்வளவு நேரம் நடத்துவது என்பதை வரி கொடுத்த ஊரே முடிவு செய்கிறது.

வானொலியிலும் அவ்வாறே செய்தோம். தலைக்கட்டுக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் என்று கேட்டோம். முதல் ஆண்டு 60 வீடுகள் தந்தன. முப்பதாயிரம் ரூபாயில் பெரும்பகுதி கலைஞர்களுக்கான சன்மானத்துக்கும் வண்டி வாடகைக்கும் போயிற்று. ஒலிப்பதிவுக் கருவி நண்பர் ஒருவருடையது. நேரத்துக்கு நிலையம் பணம் வாங்கவில்லை. 2006ஆம் ஆண்டுக் கொள்கை சமுதாய வானொலிக்கு மணிக்கு ஐந்து நிமிட விளம்பரத்தையே அனுமதித்தது; பிறகு அந்த அளவு கூட்டப்பட்டாலும், எங்கள் மணி நேரத்தில் நிலையம் விளம்பரம் சேர்ப்பதில்லை. சென்ற பங்குனியில் கர்ண மோட்சத்தின் ஒரு பகுதியை நாற்பது நிமிடம் இடைவெளியின்றி ஒலிபரப்பினோம். மீன் கூடை இறக்கிவிட்டு வந்த ஓர் அம்மா, “முழுசாப் போட்டீங்களே தம்பி, எங்க அப்பா ஆடுனது மாதிரியே இருந்துச்சு” என்றார்.

இம்முறை நீண்ட நாள் நிற்குமா என்று உறுதியாகச் சொல்லும் அனுபவம் எங்களுக்கு இல்லை. இரண்டு ஆண்டு போதாது. முழு நிலையத்தையும் நேயர் பணத்திலேயே நடத்துவது பற்றியும் நான் பேசவில்லை. மின்சாரமும் ஊழியர் சம்பளமும் நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பதால்தான் எங்களால் முடிகிறது. ஆண்டுதோறும் வீடு வீடாகப் போய்க் கேட்பது இரண்டு பேருக்கு ஒரு மாத வேலை. அதைத் தவிர்க்க விரும்புவோருக்கு இணையம் எளிது.

இரண்டாம் ஆண்டில் 11 வீடுகள் பணம் தரவில்லை. போய் விசாரித்தபோது, அவற்றில் நான்கு குடும்பங்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் குடிபெயர்ந்துவிட்டதாகத் தெரிந்தது. பதிவு கிடைத்தால் பணம் தருவதாக அவர்கள் தொலைபேசியில் சொன்னார்கள். ஆகவே ஒலிபரப்பு முடிந்த மறுநாள் அதே பதிவை இணையத்திலும் ஏற்றத் தொடங்கியிருக்கிறோம்.