மாயவரத்திலிருந்து டப்ளினுக்குப் போகிறவர்கள் எங்கே சாப்பிடலாம்

எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் அயர்லாந்தில் வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் புறப்படும் பெற்றோர் என்னிடம் வந்து முதலில் விசாரிப்பது சாப்பாட்டைத்தான். குளிருக்கு என்ன எடுத்துப் போவது என்ற கேள்வி அதற்கு அடுத்தபடியாகவே வருகிறது. சென்ற ஆண்டு மே மாதத்திலிருந்து ஜூலை கடைசி வரை நானும் என் மனைவியும் டப்ளினில் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். சனி, ஞாயிறுகளில் மாப்பிள்ளை வெளியே அழைத்துப் போனார். மற்ற நாட்களில் நாங்களே பேருந்து ஏறிப் போய்வரப் பழகிக்கொண்டோம். மனைவி சுத்த சைவம்; கேக்கில் இருக்கும் முட்டையை மட்டும் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். நான் மீன் சாப்பிடுவேன், மாடும் பன்றியும் தொடமாட்டேன். ஆகவே கீழே எழுதியிருப்பவை இரு தரப்பினருக்கும் ஓரளவு பயன்படும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். போன முதல் வாரமே ஊர்ச் சாப்பாட்டு ஏக்கம் வந்து ஓர் இந்திய உணவகத்தைத் தேடிப் போனோம். மசால் தோசை 14 யூரோ. ஒரு யூரோவை ஏறக்குறைய நூறு ரூபாய் என்று மனத்துக்குள் பெருக்கிப் பார்க்கும் வழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை என்பதால் முதல் விள்ளலே தொண்டையில் நின்றது. தோசையின் ஓரம் வறண்டிருந்தது, நடுவில் மாவு வாடை போகவில்லை. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. தித்திப்பை மட்டும் தேட வேண்டியிருக்கவில்லை. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை, அன்றைக்குச் சரக்கு மாஸ்டர் விடுப்பில் இருந்திருக்கலாம். மகள் வீட்டு கிரைண்டரில் அரைத்த மாவே அதைவிட மேல் என்பதால், இட்லி தோசையை வீட்டோடு வைத்துக்கொண்டு, வெளியே போனால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கைவந்ததையே கேட்டு வாங்குவது என்று அன்றே முடிவு செய்தோம். அவர்களுக்குக் கைவந்தவை பால், வெண்ணெய், உருளைக்கிழங்கு, மீன். இந்த நான்கில் மூன்று சைவக்காரருக்கும் ஆகும் என்பதை நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை.

உருளைக்கிழங்கிலிருந்தே தொடங்குகிறேன். டப்ளினில் டெம்பிள் பார் பகுதியில் 1988 முதல் நடந்துவரும் கல்லகர்ஸ் பாக்ஸ்டி ஹவுஸ் என்ற உணவகம் பாக்ஸ்டி என்னும் ஒரே பண்டத்தை நம்பி நிற்பது. பச்சை உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, வேகவைத்து மசித்த கிழங்கோடு மாவும் மோரும் சேர்த்துக் கல்லில் வார்ப்பது பாக்ஸ்டி. நாட்டின் வடமேற்கே லீட்ரிம் பக்கத்துப் பலகாரம் அது. மசித்த கிழங்கினால் உள்ளே மெத்தென்றும், துருவல் இழைகளினால் ஓரத்தில் மொறுமொறுவென்றும் வருகிறது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்துக் கடப்பா வைக்கும் கும்பகோணத்து வீட்டில் பிறந்த என் மனைவி ஒரு வாய் தின்றுவிட்டு, "உருளைக்கிழங்கு அடைன்னு சொன்னா முடிஞ்சுதே" என்றார். உள்ளே இறைச்சி வைத்துச் சுருட்டிக் கொடுப்பதுதான் வழக்கம் என்பதால், காய்கறி வைத்ததைச் சொல்லிக் கேட்க வேண்டும். பண்டம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் டெம்பிள் பார் சுற்றுலாக்காரர் கூட்டம் நெருக்கும் இடம், சாயங்காலம் ஆனால் குடிக்கூடங்களின் இரைச்சல் தாங்காது. பகல் பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள்.

அந்த ஊர்க்காரர்கள் கிழங்கைப் பற்றிப் பேசுவதைக் கேட்பதே ஒரு தனி அனுபவம். வடித்த சோறு குழைகிறதா, பலபலவென்று நிற்கிறதா, புது அரிசியா பழைய அரிசியா என்று நாம் ஆராய்வதைப் போலவே அவர்கள் ரூஸ்டர், கெர்ஸ் பிங்க் என்று ரகம் பிரித்து, வெந்ததும் தோல் வெடித்து மாவாக உதிர்கிறதா என்று பார்க்கிறார்கள். மாவாக உதிர்வதுதான் அவர்களுக்கு உசத்தி. லம்பர் என்ற ஒரே ரகத்தைப் பெரும்பாலும் நம்பியிருந்த ஏழைக் குடியானவர்கள், 1845-ல் தொடங்கிய கருகல் நோயில் பயிரை இழந்ததும், அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டதும், அதே அளவு மக்கள் கப்பலேறியதும் அங்கே எந்த வீட்டிலும் மறக்கப்படாத சங்கதி. தட்டில் கிழங்கை மிச்சம் வைத்த என் பேத்தியைப் பக்கத்து மேசைக் கிழவர் ஒருவர் சிரித்தபடியே பார்த்த பார்வையில் அதுவும் கொஞ்சம் இருந்தது என்றே எனக்குத் தோன்றியது.

முழுச் சைவம் வேண்டுமென்றால் டப்ளினில் விக்லோ தெருவில் 1986 முதல் இருக்கும் கார்னுகோபியாவுக்குப் போகலாம். அங்கே எதையும் துருவிக் கேட்க வேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதி. தட்டில் ஒரு சூடான பண்டமும் இரண்டு மூன்று வகைப் பச்சடிகளும் வைத்துக் கொடுக்கிறார்கள். அளவு தாராளம், இரண்டு பேர் ஒரு தட்டைப் பகிர்ந்துகொண்டாலும் வயிறு நிறையும். காரம் எதிர்பார்க்காதீர்கள். மனைவி கைப்பையில் ஊறுகாய்ப் பொட்டலம் வைத்திருந்தார், கடைக்காரர்கள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மற்ற உணவகங்களில் சைவக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பியச் சட்டப்படி, ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களில் எது எந்தப் பண்டத்தில் இருக்கிறது என்று உணவகங்கள் எழுத்தில் காட்ட வேண்டும். 2014 டிசம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. விலைப்பட்டியலில் பண்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் சிறிய எண்களாக இவற்றைப் போட்டிருப்பார்கள். பால், முட்டை, மீன் மட்டுமல்லாமல் கடுகும் எள்ளும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நம் வீட்டுத் தாளிப்பைச் சட்டப்படி எழுதினால் ஒரு ரசத்துக்கே எண்கள் வரிசை கட்டும். முட்டையைத் தவிர்ப்பவர்களுக்கு இந்த எண்கள் பெரிய உதவி. ஆனால் மாட்டுக் கொழுப்பும் கோழி வேகவைத்த சாறும் அந்தப் பதினான்கில் சேரா. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அடியில் கோழிச் சாறு இருக்கலாம். உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் பழைய முறைக் கடைகளும் உண்டு. எண்களைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாமல், எதில் பொரித்தீர்கள், எந்தச் சாற்றில் வேகவைத்தீர்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். நாங்கள் கேட்ட இடங்களில் யாரும் முகம் சுளிக்கவில்லை. தெரியாத பரிசாரகர்கள் உள்ளே போய்ச் சமையற்காரரைக் கேட்டுவந்து சொன்னார்கள்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அயர்லாந்து சொர்க்கம். டப்ளினில் வெர்பர்க் தெருவில் 1913-ல் தொடங்கிய லியோ பர்டாக் கடையில் எல்லோரும் காட் மீனை வாங்குவார்கள். நான் திருக்கை வாங்கினேன். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு தட்டிப் போட்டுத் திருக்கைக் குழம்பு வைத்துக் கொடுக்கும் தரங்கம்பாடிப் பக்கத்து ஆள் ஒருவனுக்கு, அதே மீன் மாவில் தோய்த்துப் பொரிக்கப்பட்டுக் காகிதத்தில் மடித்துக் கைக்கு வந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை விளக்கத் தேவையில்லை. உள்ளே சதை நார்நாராகப் பிரிந்து, குருத்தெலும்பிலிருந்து விசிறி விரிவதைப் போலக் கழன்று வந்தது. மேலே உப்பும் வினிகரும் தெளித்துத் தருகிறார்கள். வினிகரைக் கொஞ்சம் தாராளமாகவே கேளுங்கள், அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் நமக்குத் திகட்டும். உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்று நினைக்காமல், பக்கத்தில் இருக்கும் கிறிஸ்ட்சர்ச் தேவாலயத்தின் பக்கம் போய் ஆற அமர முடித்துக்கொள்ளலாம். டார்ட் ரயிலில் அரை மணி நேரத்தில் ஹவுத் என்ற மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால், மேற்குத் தோணித்துறை நெடுக மீன் கடைகள்தாம். நாகப்பட்டினத்தைப் பார்த்தவர்களுக்கு வலையும் வாடையும் பழகியவை, கூச்சல் மட்டும் இருக்காது. நாட்டின் மேற்கே கால்வே நகரத்துக்குப் போக வாய்த்தால் கீ தெருவில் 1902 முதல் இருக்கும் மெக்டோனாஸ்.

காப்பியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சுருக்கமாகவே பதில் சொல்வேன்: டீ குடியுங்கள். டிகிரி காப்பியில் வளர்ந்த நாக்குக்கு அங்கத்திய காப்பி எந்தக் கடையிலும் பிடிபடவில்லை. அவர்கள் டீயோ நம்மைப் போலவே கடுப்பாகவும் பாலூற்றியும் இருக்கிறது. கிராப்டன் தெருவில் 1927-ல் திறந்த பியூலிஸ் கடையில், ஹாரி கிளார்க் செய்த வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்கு எதிரே இடம் கிடைத்தால் ஒரு குடுவை டீயை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு உட்காரலாம்.

கைக்காசு விஷயமும் நேர விஷயமும் சிலவுண்டு. குழாய்த் தண்ணீர் கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே வரும், கேட்காவிட்டால் புட்டி வந்து பில்லில் ஏறும். டிப்ஸ் கட்டாயமில்லை; பரிமாறுபவர் கவனித்துக்கொண்டால் நூற்றுக்குப் பத்து வைப்பது வழக்கம், அந்தப் பணம் ஊழியர்களுக்கு எப்படிப் போகிறது என்பதைக் கடையில் எழுதிவைக்க வேண்டும் என்று 2022 டிசம்பரிலிருந்து சட்டமே இருக்கிறது. பப் என்றதும் சாராயக்கடையை நினைத்து ஒதுங்க வேண்டாம். மத்தியானத்தில் குடும்பத்தோடு சூப்பும் ரொட்டியும் சாப்பிட அதைவிடச் சிக்கனமான இடம் கிடையாது. 2004 முதல் உள்ளே புகைபிடிக்கவும் தடை. குழந்தைகளை இரவு ஒன்பது மணிக்கு மேல் உள்ளே வைத்திருக்கக் கூடாது, கோடையில் பத்து வரை விடுவார்கள். கிராமப்புறங்களில் அடுப்பை ஒன்பதுக்கெல்லாம் அணைத்துவிடுகிறார்கள் என்பதால் நம் ஊர் வழக்கப்படி ஒன்பதரைக்குச் சாப்பிடக் கிளம்பினால் பட்டினிதான்.

ஒரே ஒரு நாள்தான் டப்ளினை விட்டு வெளியே போக முடியும் என்றால் நான் கார்க் நகரத்தைச் சொல்வேன். ரயிலில் இரண்டரை மணி நேரம். அங்கே 1788 முதல் இருந்துவரும் இங்கிலிஷ் மார்க்கெட் என்ற கூரைச் சந்தையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாடியில் இருக்கும் பார்ம்கேட் கபேயில் கீழே நடக்கும் வியாபாரத்தைப் பார்த்தபடியே சாப்பிடலாம். இறைச்சிக் கடைகளைக் கடந்துதான் போக வேண்டும்; மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடியேறினார். ஏறியது வீண்போகவில்லை என்பதற்குக் காரணம் ரொட்டி. முழுக்கோதுமை மாவில் ஈஸ்ட் சேர்க்காமல் மோரும் சோடாவும் கலந்து சுடுகிறார்கள். ஈரக் காற்றில் விளையும் அந்த நாட்டுக் கோதுமைக்கு இழுவை குறைவு என்பதால் ஈஸ்டைவிடச் சோடாதான் அதற்கு ஒத்துவருகிறது. மேலே கத்தியால் சிலுவை போலக் கீறிவிடுவதால் வெந்ததும் நான்காக வெடித்து நிற்கிறது. வாயில் போட்டால் முதலில் தவிட்டின் நரநரப்பு, பிறகு மோரின் இளம் புளிப்பு, அதற்கு மேல் அரை விரல் தடிமனுக்கு உப்பிட்ட வெண்ணெய். கார்க்கின் வெண்ணெய் ஒரு காலத்தில் கப்பலேறி அட்லாண்டிக் கடலுக்கு அப்பால்வரை போயிருக்கிறது. மன்னார்குடிப் பக்கத்து வெண்ணெயைப் பற்றி நாம் பேசும் அதே பெருமையோடு அவர்களும் பேசுகிறார்கள். ராத்திரி தங்குகிற உத்தேசம் இருந்தால் அதே நகரத்தில் 1993 முதல் நடக்கும் கபே பாரடைசோ முழுச் சைவ உணவகம். விலை அதிகம், முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஊருக்கு வந்த பிறகு மனைவி அந்த ரொட்டியை இரண்டு தடவை சுட்டுப் பார்த்தார். தெருக்கோடி மில்லில் அரைத்த மாவு, முதல் நாள் மோர், ஆப்ப சோடா, குக்கருக்குள் மணல். முதல் தடவை செங்கல்லாக வந்தது. இரண்டாவது தடவை மேலே வெடித்துக்கொண்டு அழகாக எழும்பினாலும், சப்பாத்திக்கென்றே இழுபடும் நம் கோதுமை உள்ளே சவ்வாக நின்றது. இந்தக் கோடையில் போகிறவர்கள் யாராவது அங்கத்திய முழுக்கோதுமை மாவில் ஒரு கிலோப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தால், மூன்றாவது தடவைக்கும் தயார் என்று சொல்லச் சொன்னார்.