வீதிச் சத்தமும் வாடகை வீட்டு ஜன்னலும்: முதலில் எதற்குச் செலவு செய்வது?

ஹட்டன் நகரின் பிரதான வீதியோரத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஆண்டு இரண்டாகப் பிரிகிறது. டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவகாலம் ஒன்று. எஞ்சிய மாதங்கள் மற்றொன்று. இரவிலேயே மலையேறி உச்சியில் விடியலைக் காண வேண்டும் என்பது யாத்திரிகர்களின் வழக்கமாதலால், நள்ளிரவு கடந்த பின்னரும் பஸ்களும் வேன்களும் டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். மேட்டில் கியர் மாற்றும் உறுமலும், வளைவுக்கு வளைவு அடிக்கும் ஹோர்னும் படுக்கையறைக்குள்ளேயே எழுவது போலக் கேட்கும்.

என் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்டில்தான் இதற்கு ஒரு வழி தேட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தோம். வீடு எங்களுடையதன்று. சட்டத்தைக் கழற்றி இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போடும் உரிமையும் இல்லை, அதற்கான பணமும் இல்லை. ஆகவே மூன்று நிபந்தனைகளை வைத்துக்கொண்டோம்: வீட்டை ஒப்படைக்கும்போது தடயமின்றி அகற்றக்கூடியதாக இருக்க வேண்டும், மொத்தச் செலவு ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது, இரவில் பயன் தர வேண்டும். இரண்டு பருவகாலங்களில் செய்து பார்த்தவற்றை, வாடகை வீட்டில் இருக்கும் பிறருக்கும் உதவும் என்ற எண்ணத்தில் இங்கே ஒப்பிடுகிறேன்.

ஒப்பீட்டுக்கு அளவுகோல் ஒன்று தேவை. டெசிபெல் கணக்கில் 10 குறைந்தால் நம் காதுக்குச் சத்தம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாகத் தோன்றும். 3 குறைந்தால் கூர்ந்து கேட்பவர்தான் வேறுபாட்டை உணர்வார். நல்ல உறக்கத்துக்குப் படுக்கையறைக்குள் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 1999ஆம் ஆண்டு வழிகாட்டலில் கூறியது. வீதியோர அறையில் அந்த இலக்கை எட்டுவது கடினம் என்றாலும், எந்த முயற்சி எத்தனை டெசிபெலைக் குறைக்கிறது என்று பார்ப்பதற்கு அது வழிகாட்டும். கைபேசிச் செயலிகள் காட்டும் அளவு துல்லியமானதன்று. ஆனால் ஒரே கைபேசியை ஒரே இடத்தில் வைத்து முன்னும் பின்னும் அளந்தால், வேறுபாட்டை ஓரளவு நம்பலாம்.

நாங்கள் முதலில் வாங்கியது தடித்த திரைச்சீலை. பெரும்பாலானோர் முதலில் வாங்குவதும் அதுதான். அப்போது கையில் இருந்த பணத்தில் பாதி அதிலேயே போய்விட்டது. அறைக்குள் எதிரொலி சற்று அடங்கியது, குளிரும் குறைந்தது, வெளிச்சம் மறைந்தது. ஹோர்ன் சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. காரணம் எளிது. சத்தத்தைத் தடுப்பது பொருளின் எடை. 4 மில்லிமீற்றர் கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு 10 கிலோ எடை கொண்டது. தடித்த திரைத்துணியோ ஒரு கிலோவைத் தாண்டுவதே அரிது. அதோடு காற்று புகும் துணிக்குள் சத்தமும் புகும். முட்டை அட்டைகளையும் ரெஜிபோம் பலகைகளையும் சுவரில் ஒட்டச் சொல்வோரும் உண்டு. அவை துணியை விடவும் எடை குறைந்தவை, தீப்பற்றக்கூடியவை. ஒட்டிய இடத்தில் சுவர்ப் பூச்சும் உரிந்து வரும். அவற்றைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

திரைச்சீலையோடு ஒப்பிடும்போது, அதன் செலவில் ஐந்தில் ஒரு பங்கு கூட ஆகாத இடைவெளி அடைப்பு தந்த பயன் எங்களை வியக்க வைத்தது. அதைக் கண்டுபிடித்தவர் தச்சு வேலை செய்யும் அண்ணன் ஒருவர். கண்ணாடியைத் தடிப்பாக மாற்றலாமா என்று கேட்கத்தான் அவரை அழைத்திருந்தோம். அவர் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, மூடிய ஜன்னலின் விளிம்பு நெடுகிலும் மெதுவாக நகர்த்தினார். நேராக எழுந்துகொண்டிருந்த புகை, இரு கதவுகளும் சேரும் நடுக்கோட்டுக்கு வந்ததும் சட்டென்று வளைந்து அறைக்குள் சிதறியது. "கண்ணாடிய மாத்த வேணாம் டீச்சர், காசுதான் போகும். இந்தச் சந்த அடைங்க முதல்ல," என்றார்.

அவர் சொன்னதைக் கணக்கும் உறுதிப்படுத்துகிறது. எங்கள் ஜன்னல் 120 சென்ரிமீற்றர் உயரமும் அதே அளவு அகலமும் கொண்டது. சுற்றளவும் நடுக்கோடும் சேர்ந்து 600 சென்ரிமீற்றர். அந்த நீளம் முழுவதிலும் 2 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால், திறந்த பரப்பு 120 சதுர சென்ரிமீற்றர். அதாவது ஜன்னல் பரப்பில் ஒரு வீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு வீதம் திறந்திருந்தாலே, மீதி 99 வீதமும் கருங்கல்லாக இருந்தாலும் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்க முடியாது. சாதாரண 3 மில்லிமீற்றர் கண்ணாடியே இடைவெளியின்றி மூடினால் 25 டெசிபெலுக்கு மேல் தடுக்கக்கூடியது. இடைவெளி இருக்கும்வரை கண்ணாடியின் அந்த ஆற்றல் நமக்குக் கிடைப்பதேயில்லை. தடிப்பான கண்ணாடி போட்டிருந்தாலும் கிடைத்திருக்காது.

மலையகத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் இதில் இருக்கிறது. பழைய கட்டடங்களின் மர ஜன்னல்கள் தென்மேற்குப் பருவமழையின்போது ஈரத்தை உறிஞ்சிப் புடைத்து, இழுத்துத்தான் திறக்க வேண்டும் என்னும் அளவுக்கு இறுகிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட நாட்களில் அதே மரம் சுருங்குகிறது. இரவு முழுவதும் வாகனங்கள் ஓடும் அதே மாதங்களில்தான் இடைவெளியும் அகலமாகத் திறக்கிறது. மழைக்காலத்தில் தகரக் கூரையில் கொட்டும் மழையே வீதிச் சத்தத்தை மூழ்கடித்துவிடுவதால், ஜூலையில் பார்த்துத் திருப்தியடைந்த வீடு பெப்ரவரியில் வேறு வீடாகிவிடும். வீடு பார்க்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே அடைக்கும் பொருள் மரத்தோடு சேர்ந்து அமுங்கி விரியக்கூடியதாக இருக்க வேண்டும். ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும் ஒட்டும் ஸ்பொஞ்சு நாடாவை முதலில் ஒட்டினோம். விலை மிகக் குறைவு. ஆனால் ஜன்னல் வழியே வடியும் பனி நீரை உறிஞ்சி, மூன்றாவது மாதத்தில் கறுத்துத் தட்டையாகிவிட்டது. அடுத்த முறை, உள்ளே குழிவாக இருக்கும் றப்பர் நாடாவை ஒட்டினோம். ஸ்பொஞ்சை விடச் சில மடங்கு விலை என்றாலும் இரண்டாவது பருவகாலத்திலும் அது அமுங்கிய இடத்தில் மீண்டும் எழுகிறது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் பழைய புட்டி காய்ந்து உதிர்ந்த இடங்களில் புதிய புட்டி வைத்தோம். லொறி போகும்போது கண்ணாடி கடகடவென்று அதிர்வதும் அதோடு நின்றது. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலான வெடிப்பைச் சிலிக்கனால் நிரப்புவதற்கு மட்டும் வீட்டு உரிமையாளரிடம் அனுமதி கேட்டோம். வீட்டுக்குத்தான் நன்மை என்பதால் மறுக்கவில்லை.

இடைவெளி அடைத்த பின்னரும் போதவில்லை என்றால் அடுத்த படி, உள்பக்கத்தில் இரண்டாவது அடுக்கு ஒன்றை நிறுத்துவது. இங்கே போட்டி இரண்டுக்கு இடையில்: ஒளி புகும் பேர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் தகடு, அல்லது இரவில் மட்டும் பொருத்தி எடுக்கும் ஒட்டுப்பலகை அடைப்பு.

பேர்ஸ்பெக்ஸ் அதே தடிப்புள்ள கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவு. எடைதான் தடுக்கிறது என்று மேலே சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்றும் வேலை செய்கிறது; அந்த இடைவெளி அகலமாக அகலமாகப் பயன் கூடுகிறது. அரை அங்குலம் விட்டால் பயன் சொற்பம். மூன்று, நான்கு அங்குலம் விட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். பழைய கட்டடங்களின் தடித்த சுவர்கள் நமக்குச் சாதகமானவை. ஜன்னலின் உள்விளிம்பில் பூச்சட்டி வைக்கும் அந்த அகலமே போதுமான இடைவெளி. நாங்கள் 4 மில்லிமீற்றர் தகட்டை மெல்லிய மரச்சட்டத்தில் பொருத்தி, விளிம்பில் றப்பர் நாடா ஒட்டி, நான்கு திருகு கொளுக்கிகளால் நிறுத்தினோம். ஹோர்ன் சத்தம் தூரத்து வீதியில் கேட்பது போல ஆகிவிட்டது. விலைதான் இதன் குறை. மொத்தச் செலவில் பெரும்பங்கு இதற்கே ஆனது. துடைக்கும்போது கீறல் விழும் என்பதால் மென்துணியும் சவர்க்கார நீரும் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது.

ஒட்டுப்பலகை அடைப்பின் செலவு பேர்ஸ்பெக்ஸில் பாதியளவு. 12 மில்லிமீற்றர் பலகை சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 7 கிலோ இருக்கும். ஓரத்தில் ஸ்பொஞ்சு சுற்றி ஜன்னல் குழிக்குள் அழுத்தி வைத்தால், தடுப்பதில் அது பேர்ஸ்பெக்ஸை மிஞ்சும். எங்கள் ஜன்னல் அளவுக்குப் பத்துக் கிலோவை நெருங்கும் ஒன்றை ஒவ்வோர் இரவும் தூக்கி வைத்துக் காலையில் இறக்க வேண்டும். ஒரு வாரம் செய்யலாம், ஆறு மாதம் செய்ய மாட்டோம். தனி ஆளாக இருக்கும் இளைஞருக்கோ, பகலில் உறங்கும் இரவுப் பணியாளருக்கோ இதுவே சிறந்தது. இருட்டும் சேர்ந்து கிடைக்கும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையை மட்டும் தவிர்க்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் அது ஊதிவிடும்.

இவற்றில் எதுவும் தடுக்காத சத்தம் ஒன்று உண்டு: நின்றபடி இயங்கும் பஸ்ஸின் இயந்திர முனகல். ஆறு சிலிண்டர் டீசல் இயந்திரம் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 30 அதிர்வுகளை எழுப்புகிறது. அந்த அலையின் நீளம் பதினொரு மீற்றருக்கு மேல். வாடகைக்காரர் பொருத்தும் எந்த மெல்லிய தடுப்பும் அதற்குப் பொருட்டல்ல. அதற்கு ஒரே மருந்து கட்டிலை இடம் மாற்றுவதுதான். வீதிப்பக்க அறையைப் பகலுக்கு விட்டுவிட்டு, மலைச்சரிவைப் பார்த்த பின்னறைக்கு மகளின் கட்டிலை மாற்றியது, செலவின்றிக் கிடைத்த பெரும் பயன்.

காதடைப்பானும் மலிவானதே. ஆனால் அலாரமும் கேட்காது, பக்கத்து அறையில் முதியவர் அழைப்பதும் கேட்காது; என் மாமியார் உடனிருப்பதால் நான் அதை அணியத் துணியவில்லை. மின்விசிறியின் சத்தத்தால் வீதிச் சத்தத்தை மறைக்கும் வழி, கண்டியில் வாடகைக்கு இருக்கும் என் தங்கைக்கு நன்றாக உதவுகிறது. அங்கே வெப்பம் கூடுதலாதலால் ஜன்னலை அடைத்து உறங்க முடியாது. விசிறியும் காதடைப்பானும்தான் அவளுக்கு ஏற்ற தெரிவு. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் விசிறியே இல்லாத வீடுகள்தான் அதிகம். பதிலுக்கு, ஆண்டு முழுவதும் ஜன்னலை மூடி வைத்து உறங்கும் வசதி நமக்கு இருக்கிறது.

அந்த வசதியில் ஆபத்தும் இருக்கிறது என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். விளிம்பெல்லாம் அடைத்த அறையில் குளிருக்காகக் கரிச்சட்டி வைப்பதும், மண்ணெண்ணெய் அடுப்பு எரிப்பதும் உயிரைப் பறிக்கும். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. அடைத்த அறையில் நெருப்பு கூடவே கூடாது. வீதிக்கு எதிர்ப்பக்கத்துச் சுவரின் மேலுள்ள காற்றுத் துவாரத்தைத் திறந்தே விட வேண்டும். பகலில் ஒரு மணி நேரமாவது ஜன்னலை முழுதாகத் திறந்தால்தான் சுவரில் பூஞ்சணம் பிடிக்காது.

கையில் மிகக் குறைந்த பணமே இருந்தால் றப்பர் நாடாவும் புட்டியும் வாங்கிக் கட்டிலை இடம் மாற்றுங்கள். அதற்கு மேல் சேமிக்க முடிந்தால் பேர்ஸ்பெக்ஸ். திரைச்சீலையைக் குளிருக்காக மட்டும் வாங்குங்கள். தகடு வெட்டக் கொடுக்கும் முன் ஜன்னல் குழியின் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், மூலைக்கு மூலை இரு பக்கமும் அளந்து பாருங்கள். பழைய ஜன்னல்கள் சதுரமாக இருப்பதில்லை. எங்களுடையதில் மேலும் கீழும் 7 மில்லிமீற்றர் வேறுபாடு இருந்தது. மிகச் சிறிய அளவை எடுத்து, அதிலும் சுற்றிலும் 3 மில்லிமீற்றர் குறைத்து வெட்டச் சொன்னோம். மிச்ச இடத்தை றப்பர் நிரப்பிக்கொண்டது.