பழைய கேம் டிஸ்க் வாங்குகிறீர்களா? 2,400 ரூபாயை நான் விட்ட கதை இது

நேற்று ராத்திரியிலிருந்து வயிறு எரிகிறது. பழைய டிஸ்க் விற்கும் ஒரு ஆன்லைன் கடையில் பிஎஸ்4 கேம் கன்சோலுக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 என்ற சண்டை கேமின் ஆர்கேட் எடிஷன் வாங்கினேன். 2,400 ரூபாய்.

2016 பிப்ரவரியில் இந்த கேம் வந்தபோது வாங்கியவர்கள் நொந்துபோனார்கள். வெறும் 16 கேரக்டர். ஒவ்வொரு எதிரியாக ஜெயித்துப் போகும் ஆர்கேட் மோட் இல்லை, கம்ப்யூட்டரோடு சும்மா ஒரு மேட்ச் போடக்கூட வழியில்லை, சர்வரும் ஆரம்பத்திலேயே படுத்துவிட்டது. 20 லட்சம் விற்கும் என்று கணக்குப் போட்ட கேம் கம்பெனி காப்காம், அந்த மார்ச் முடிவில் 14 லட்சத்தில் நின்றது. அதனால்தான் அப்போது நான் தொடவில்லை. 2018 ஜனவரியில் ஆர்கேட் எடிஷன் வந்தது. ஆர்கேட் மோடும் வந்தது, கேரக்டரும் 28. எனக்கு வேண்டியது கைல் என்ற கேரக்டர். சின்ன வயதிலிருந்து அவனை வைத்துத்தான் ஆடுவேன். முதல் 16 பேரில் அவன் இல்லை.

போன் போட்டுக் கேட்டேன். "எல்லா கேரக்டரும் இருக்கா தம்பி?"

"டிஸ்க்கைப் போட்டாலே 28 பேரும் வந்துடுவாங்கண்ணா. நானே வீட்ல இதைத்தான் ஆடுறேன்."

அந்த "நானே" என்ற ஒரு வார்த்தையை நம்பித்தான் உடனே பணம் அனுப்பினேன்.

கூடுதல் 12 பேர் டிஸ்க்கைப் போட்டதும் வருவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் சீட்டில் ஒரு கோட் இருக்கும், அதைப் போட வேண்டும், ஒரு தடவைதான் வேலை செய்யும். சீட்டு நாலாக மடித்துக் கிடந்தது, கோட் மேல் நீலப் பேனாவில் ஒரு டிக். பதறிப்போய் அடித்தேன். ஏற்கெனவே பயன்படுத்திய கோட் என்று வந்தது. டிக் போட்டவருக்குத் தெரியும், பெட்டியைத் திறந்து பார்த்து விற்ற கடைக்கும் தெரிந்திருக்கும்.

திரும்பக் கூப்பிட்டால், "டிஸ்க் ஓடுதா இல்லையா?" ஓடுகிறது. "அப்புறம் என்னண்ணா?" கோட் பற்றிச் சொன்னேன். "ஆடி ஆடி ஃபைட் மணி சேருங்க, வாங்கிக்கலாம்." ஃபைட் மணி என்பது கேமுக்குள் ஆடிச் சேர்க்கும் காசு. ஒரு கேரக்டருக்கு ஒரு லட்சம் ஃபைட் மணி! 12 பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றாவது முறை எடுத்தது வேறு குரல்: "பழைய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது சார்." இன்று காலை அனுப்பிய வாட்ஸ்அப்புக்கு நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது. 2,400 ரூபாய் முழுசாகப் போச்சு.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. போனில் சொல்வதை நம்பாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். கோட் உள்ள கேம் என்றால் பழையது வேண்டவே வேண்டாம். பணத்தை முன்னாலேயே அனுப்பாதீர்கள்.