மாத்திரை மட்டுமா, ஊசியும் சேர்த்தா? தொடர் கருச்சிதைவுக்கு எழுதப்படும் சிகிச்சைகள்

பேருந்து ஆல்பேட்டையைத் தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறியபோது, என் நாத்தனாரின் மடியில் இருந்த கோப்பில் மூன்று மருந்துச் சீட்டுகள் இருந்தன. மூன்று முறை கரு தங்காமல் போனவர் அவர். ஒரு சீட்டில் ஆஸ்பிரின் மட்டும்; இன்னொன்றில் ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி; மூன்றாவதில் ஸ்டீராய்டும் தைராய்டு மாத்திரையும். அவற்றை எழுதிய மூன்று மருத்துவர்களும் சொன்ன காரணம் மட்டும் ஒன்றே: "ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறது." எந்த ஆன்டிபாடி, அதாவது எந்த எதிர்ப்பொருள், என்று கேட்காதவரை இந்தச் சீட்டுகளை ஒப்பிடவே முடியாது.

ஸ்டீராய்டை முதலில் ஒதுக்கிவிடலாம். அது எழுதப்பட்டது, செல்களின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ஏ.என்.ஏ. என்ற பரிசோதனை பாசிட்டிவ் என வந்ததற்காக. 1:40 என்ற குறைந்த அளவில் பார்த்தால், எந்த நோயும் இல்லாதவர்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது பாசிட்டிவாக வரும். இத்தகைய எதிர்ப்பொருள்கள் உள்ள பெண்களுக்கு ஸ்டீராய்டும் ஆஸ்பிரினும் கொடுத்துப் பார்த்த கனடா நாட்டு ஆய்வின் முடிவு 1997இல் வெளிவந்தது. குழந்தைப்பேறு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. குறைப்பிரசவமோ வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 12 விழுக்காடாகவும், மருந்து எடுத்தவர்களில் 62 விழுக்காடாகவும் இருந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய் உண்மையிலேயே இருப்பவர்களின் கதை வேறு.

தைராய்டு மாத்திரையின் நிலையும் ஏறக்குறைய இதுதான். தைராய்டுக்கு எதிரான டி.பி.ஓ. எதிர்ப்பொருள் இருந்தும் தைராய்டு சுரப்பு சரியாக உள்ள 952 பெண்களைக் கொண்டு பிரிட்டனில் நடந்த ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களில் 37.4 விழுக்காட்டினரும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 37.9 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். சுரப்பே குறைந்திருந்தால் மாத்திரை கட்டாயம் தேவை. எதிர்ப்பொருள் மட்டும் இருந்தால் இந்த ஆய்வு அதற்கு ஆதரவாக இல்லை.

மீதமிருப்பது ஆஸ்பிரினா, ஊசியுமா என்ற உண்மையான போட்டி. அது ரத்த உறைதலைத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும். கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன், லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என அவை மூன்று. ‘உறைதலைத் தடுப்பது’ எனப் பொருள்படும் மூன்றாவதன் பெயரைக் கேட்டு ரத்தம் உறையாத நோய் என்று நினைத்துவிடக் கூடாது. சோதனைக் குழாயில் உறைதலைத் தாமதப்படுத்தும் அதே பொருள், உடலுக்குள் உறைதலைத் தூண்டுகிறது. நஞ்சுக்கொடியாக வளரவேண்டிய செல்களையும் இவை நேரடியாகத் தாக்குகின்றன. ஹெப்பாரின் ரத்தம் உறைவதைத் தடுப்பதோடு இந்தத் தாக்குதலையும் ஓரளவு தணிக்கும் என்று கருதப்படுவதால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு.

ஒருமுறை பாசிட்டிவ் என்பதை முடிவாகக் கொள்ளக் கூடாது. காய்ச்சலோ தொற்றோ வந்துபோன பின் இவை சில வாரங்கள் தலைகாட்டிவிட்டு மறைவதுண்டு; ஆகவே குறைந்தது 12 வாரங்கள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பரிசோதனையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிட்ரேட் கலந்த நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும். சில மணி நேரத்துக்குள் இருமுறை சுழற்றித் தட்டணுக்களை நீக்க வேண்டும். ஹெப்பாரின் தொடங்கிவிட்டால் முடிவைக் குழப்பிவிடும். கடலூரில் எடுத்து வெளியூருக்கு அனுப்பிய முதல் மாதிரியில் குழாய் முக்கால்வாசிதான் நிரம்பியிருந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ரத்தம் எடுக்கும் இடத்திலேயே ஆய்வகமும் இருக்க வேண்டும் என்று புதுச்சேரிக்குப் போனது அதனால்தான். இருமுறையும் அங்கே பாசிட்டிவ்.

இனி எண்களுக்கு வருவோம். 1997இல் வெளியான லண்டன் ஆய்வில் 90 பெண்கள் பங்கேற்றனர். ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 விழுக்காட்டினரும், ஹெப்பாரினும் சேர்த்து எடுத்தவர்களில் 71 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். ஊசிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா என்று தோன்றும். ஆனால் 2002இல் வெளிவந்த, 98 பெண்கள் பங்கேற்ற மற்றோர் ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களிலேயே 72 விழுக்காட்டினர் குழந்தை பெற்றனர். ஊசி சேர்த்தபோது 78. எல்லாமே சிறிய ஆய்வுகள். இருந்தும் இருமுறை உறுதிப்பட்டவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகாது என்பதால் எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. உறுதிப்படாத ஒருவருக்கு, ஒரே ஒரு தாளை வைத்து, பல மாதங்கள் தினமும் வயிற்றில் ஊசி போடச் சொல்வது சரியாகப் படவில்லை.

ஊசியிலும் இரண்டு வகை. பழைய ஹெப்பாரினைப் பொதுவாக 5,000 யூனிட் வீதம் தினம் இருமுறை போட வேண்டும். விலை குறைவு, ஆனால் நீண்ட நாள் போட்டால் எலும்பு வலுவிழக்கவும் தட்டணுக்கள் குறையவும் வாய்ப்பு கூடுதல். புதிய வகையான எனாக்சாபரின் தினம் ஒருமுறை, பெரும்பாலும் 40 மில்லிகிராம், நிரப்பிய சிரிஞ்சிலேயே வருகிறது. அதிலுள்ள காற்றுக்குமிழியை வெளியேற்றக் கூடாது. போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது. இதைச் சொல்லித்தர யாரும் இல்லாமல் முதல் வாரம் அவர் வயிறெங்கும் நீலம் பாரித்துக் கிடந்தது.

வசதியில் எனாக்சாபரின் முந்துகிறது என்றாலும், கடைசி மாதத்தில் பழையதற்கு ஒரு சாதகம் உண்டு. பிரசவத்தின்போது முதுகில் மயக்க ஊசி போட, எனாக்சாபரினை இந்தக் குறைந்த தடுப்பு அளவில் போட்ட பிறகு 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பழைய ஹெப்பாரினுக்குச் சில மணி நேரமே போதும். எனாக்சாபரினிலேயே இருந்துவிட்ட என் நாத்தனார், ஒன்பதாம் மாதம் முழுவதும், ஊசி போட்ட நேரத்தை ஒவ்வோர் இரவும் பேனாவால் கோப்பின் அட்டையில் குறித்துவைத்துவிட்டே படுத்தார்.