நிலையான ஓவர்கிளாக்கிங்கா, கர்வ் ஆப்டிமைசரா?

ரைசன் 9 5950எக்ஸ் போன்ற 16 கோர் (செயலாக்கக் கரு) பிராசசரை உயர்தர மதர்போர்டில் பொருத்தியவருக்கு அதன் வேகத்தைக் கூட்ட, அதாவது ஓவர்கிளாக் செய்ய, இரண்டு வழிகள் உள்ளன. எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்திலும் ஒரே மின்னழுத்தத்திலும் நிலையாக ஓடவைப்பது பழைய வழி. பிபிஓ (பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ்) வசதியில் 142 வாட் என்ற இயல்பான மின் வரம்பைத் தளர்த்தி, கர்வ் ஆப்டிமைசரால் ஒவ்வொரு கோரின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே குறைத்து, அதனால் மிச்சமாகும் மின்சாரத்தில் பிராசசரே வேகத்தைக் கூட்டிக்கொள்ள விடுவது புதிய வழி.

எல்லாக் கோர்களும் நெடுநேரம் உழைக்கும் ரெண்டரிங் (முப்பரிமாணக் காட்சிகளைப் படமாக்கும்) வேலைக்கு முதல் வழி பொருந்தும். ஆனால் வேகத்தை 4.5 கிகாஹெர்ட்ஸில் நிலையாக வைத்துவிட்டால், ஒற்றைக் கோர் வேலைகளில் பிராசசர் தானாகவே எட்டக்கூடிய 4.9 கிகாஹெர்ட்ஸை இழக்கிறோம். மின்நுகர்வு மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்காகக் கூட்டும் மின்னழுத்தம் வேகத்தைவிட வெப்பத்தையே அதிகம் கூட்டுகிறது. மதர்போர்டின் வலுவான விஆர்எம் (மின்னழுத்தத்தைச் சீராக்கும் பகுதி) அதைத் தாங்கினாலும் குளிரூட்டி திணறும்.

பொறுமை உள்ளவர்களுக்கு இரண்டாவது வழியையே உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். எனினும் மின்னழுத்தத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் வரும் கோளாறு பெரும்பாலும் முழுச் சுமையில் வெளிப்படாமல், கணினி ஓய்ந்திருக்கும்போதோ ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவும்போதோ தலைகாட்டும் என்பதால், எல்லாக் கோர்களையும் ஒருசேர வாட்டும் சோதனையை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு கோரையும் தனியே சோதிப்பது அவசியம். தரத்தில் முதலிடம் பெறும் கோர்களுக்கு ஏற்கெனவே குறைந்த மின்னழுத்தமே ஒதுக்கப்பட்டிருப்பதால், அவை பெரும்பாலும் சிறிதளவு குறைப்பையே ஏற்கும்.

இரண்டு வகை வேலையையும் சம அளவில் செய்பவர்கள், சுமைக்கேற்ப இவ்விரு நிலைகளுக்கும் இடையே தானாக மாறும் வசதி கொண்ட ஏசுஸ் கிராஸ்ஹேர் VIII டார்க் ஹீரோ போன்ற மதர்போர்டைப் பரிசீலிக்கலாம்.