ஆரல்வாய்மொழிக் காற்றில் டிஜேஐ மைக் 2

2024 ஜனவரியில் வந்த டிஜேஐ மைக் 2 என்ற இந்த வயர்லெஸ் காலர் மைக்கை வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை மீட்டர் போகும்?" என்பதைத்தான். விளம்பரத்தில் வரும் 250 மீட்டர், திறந்த வெளியில் குறுக்கே யாரும் இல்லாமல், அமெரிக்க விதிப்படியான பவரில் சொல்வது. ஐரோப்பிய விதியில் அதே கருவிக்கு 160 மீட்டர்தான். கன்னியாகுமரி மாவட்டத்தின் நாகர்கோவில் மண்டபத்துக்கோ மார்த்தாண்டம் சர்ச்சுக்கோ இந்த இரண்டு எண்ணாலும் பயனில்லை. வாங்குவதற்கான காரணம் வேறு. பேசுகிறவர் மேல் மாட்டும் 28 கிராம் எடையுள்ள டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே 8 ஜிபி மெமரி இருக்கிறது. கேமராவுக்குப் போகும் சத்தம் அறுந்தாலும், உள்ளே முழுசாகப் பதிவாகிக்கொண்டே இருக்கும்.

சத்தம் அறுவது சகஜம். இது 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், இந்த அலையை அது விழுங்கிவிடும். திருப்பலியில் ஃபாதர் பீடத்தின் பக்கம் திரும்பியதும், மாப்பிள்ளையைச் சுற்றி உறவினர் கூடியதும் துண்டு துண்டாகக் கேட்பது அதனால்தான். வளைகுடாவில் இருக்கும் சொந்தங்களுக்காக யூடியூப் லைவ் போடும் கல்யாணமென்றால் வைஃபை ரவுட்டரும் அதே அலைவரிசையில் மோதும். ரவுட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள், சத்தத்தை வாங்கிக் கேமராவுக்குத் தரும் ரிசீவரிலிருந்து தள்ளி வையுங்கள். ரிசீவரை கேமராவின் தலையில் திறந்தபடி மாட்டுங்கள், இடுப்புப் பையில் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, டிரான்ஸ்மிட்டரில் ரெக்கார்ட் பட்டனை அழுத்தி, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டே ஆளுக்கு மாட்டுங்கள். அந்த ஒரு அழுத்தத்தை மறந்தால் இந்த மைக்குக்குக் கொடுத்த காசில் பாதி வீண்.

உள்பதிவு 24 பிட்டில் சுமார் 14 மணி நேரம் கொள்ளும். எவ்வளவு உரத்த சத்தமும் பதிவில் வெட்டுப்படாமல் இருக்கும் 32 பிட் ஃப்ளோட் முறையை வைத்தால் நேரம் குறையும், ஆனாலும் ஒரு கல்யாணத்துக்குத் தாராளம், அதையே வையுங்கள். தாலி கட்டும்போது தவில் உச்சத்துக்குப் போய், எடிட்டிங்கில் அலைவடிவம் மேலே வெட்டுப்பட்டதுபோல் தெரிந்தால் பதற வேண்டாம். கிளிப்பின் கெய்னை, அதாவது ஒலி அளவை, குறைத்தால் வடிவம் திரும்பி வந்துவிடும். இந்த வசதி உள்பதிவுக்கு மட்டுமே. ரிசீவரிலிருந்து வயரில் கேமராவுக்குப் போவது சாதாரண ஆடியோதான், அங்கே வெடித்தது வெடித்ததுதான். ஃபைலை மொபைல் ஆப் வழியாக 16 பிட்டாக மாற்றி எடிட்டருக்கு அனுப்பினாலும் ஃப்ளோட்டின் பலன் போச்சு. மூல வேவ் ஃபைலையே யுஎஸ்பியில் எடுத்துக் கொடுங்கள்.

ஃப்ளோட் எல்லாவற்றையும் காப்பாற்றும் என்ற நம்பிக்கையையும் திருத்திக்கொள்ள வேண்டும். அது காப்பது டிஜிட்டல் பதிவின் எண்கள் எல்லை மீறுவதால் வரும் வெடிப்பிலிருந்து மட்டும். மைக்கின் சவ்வுக்கென்று ஒரு எல்லை உண்டு. சிங்காரி மேளத்துக்கு முன்வரிசையில் செண்டைக்கு ஓரடி தூரத்தில் நின்றால் சவ்வே திணறும், அந்த உடைசலை எந்தக் கெய்னும் சரிசெய்யாது. அங்கே ஐந்தாறு அடி தள்ளி நிற்பதே வழி.

காற்றும் அப்படித்தான், இந்த ஊரில் அதுதான் பெரிய சோதனை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. கூடவே வரும், காற்றைத் தடுக்கும் முடி வைத்த உறையான விண்ட்ஸ்கிரீன் சாதாரண தென்றலுக்குப் போதும். கணவாயிலும், மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேலும், முட்டம் பாறைகளிலும் அது மட்டும் போதாது. பேசுகிறவரின் முதுகை மேற்கே வையுங்கள், உடம்பே மறைப்பாகும். தலைமுடி பறந்து முகத்தில் விழும், மணப்பெண் என்றால் முன்கூட்டியே பின் குத்தச் சொல்லுங்கள். விண்ட்ஸ்கிரீனோடு டிரான்ஸ்மிட்டரைச் சட்டைக்குள் மறைத்தால் இன்னும் அடங்கும், குரல் கொஞ்சம் மந்தமாகும்; எடிட்டிங்கில் உயர் அதிர்வெண்களை இரண்டு மூன்று டெசிபெல் ஏற்றி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் சரியாகும். இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் கேன்சலிங் வசதியை நம்பி விண்ட்ஸ்கிரீனைக் கழற்றாதீர்கள். திற்பரப்பு அருவி இரைச்சலை அது குறைக்கும், ஆனால் வார்த்தைகளின் ஓரத்தையும் சேர்த்துத் தின்று, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆக்கிவிடும். மழையில் நனைந்த விண்ட்ஸ்கிரீன் முடி காற்றைத் தடுக்காது, குரலைத்தான் அமுக்கும். மாற்று விண்ட்ஸ்கிரீன் இரண்டு கையில் இருக்கட்டும்.

மாட்டும் இடத்தில் கவனம் வேண்டும். காந்தக் கிளிப் மெல்லிய சட்டைக்கு அருமை, சர்ச் மாப்பிள்ளையின் கனத்த கோட்டில் வழுக்கும். அங்கே காந்தத்தை விட்டுவிட்டு, டிரான்ஸ்மிட்டரின் கிளிப்பையே மடிப்பில் மாட்டுங்கள். பட்டுப்புடவையில் ஜரிகை உரசும், ஆரம் வந்து இடிக்கும். ஆரம் தொங்குவதற்கு மேலே, தோள் மடிப்பு ஓரமாகக் குத்தினால் இரண்டும் தொலையும்.

கேமராவில் ரெக்கார்டிங் லெவலைக் கூட்டி வைப்பது பலரும் செய்யும் தவறு. கேமராவுக்குள் சத்தத்தைப் பெருக்கும் ப்ரீஆம்ப்பின் இரைச்சல் கேட்கத் தொடங்கும். சோனி ஏ7 வகையில் லெவலை 3-க்குள் வைத்து, தேவையான அளவை ரிசீவரில் ஏற்றுங்கள்.

பேட்டரி 6 மணி நேரம், சார்ஜிங் பெட்டியோடு சேர்த்து 18. விடியற்காலை முகூர்த்தம் முதல் மதியப் பந்தி வரை இழுக்க, நடுவில் பெட்டிக்குள் வைத்தெடுக்க வேண்டும். பேட்டரி கழற்ற முடியாதது என்பதுதான் மனதை உறுத்துகிறது. தினமும் வாடகைக்கு ஓடும் செட்டில் சில வருடங்களில் அந்த நேரம் சுருங்கத்தான் செய்யும். சோனி யுடபிள்யூபி-டி வரிசை போன்ற யுஹெச்எஃப் (2.4 கிகாஹெர்ட்ஸைவிடத் தாழ்ந்த அலைவரிசை) மைக்குகள் இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும், கூட்டத்துக்குள்ளும் உறுதியாக நிற்கும். நேரலையையே முழுத் தொழிலாக வைத்திருப்பவர்கள் அதிகம் செலவானாலும் அந்தப் பக்கமே போகலாம், ஏனென்றால் லைவில் அறுந்த சத்தத்தை உள்பதிவால் ஒட்ட முடியாது. பதிவு செய்து பிறகு எடிட் பண்ணும் கல்யாணம், பேட்டி, குறும்படம் என்றால் தயங்காமல் இதை வாங்குங்கள்.

உள்பதிவையும் கேமரா படத்தையும் எடிட்டிங்கில் பொருத்த, ஒவ்வொரு சடங்கின் தொடக்கத்திலும் கேமரா முன் ஒரு கைதட்டல் போதும். ஒரு மணி நேர ஃபைலை ஒரே இடத்தில் மட்டும் பொருத்தினால் முடிவில் சில ஃப்ரேம் உதடு பிசகும், சடங்குக்குச் சடங்கு வெட்டிப் பொருத்துங்கள். வாங்கும்போது இரண்டு டிரான்ஸ்மிட்டர், ஒரு ரிசீவர், சார்ஜிங் பெட்டி உள்ள செட்டையே எடுங்கள். பில்லில் சீரியல் நம்பரையும் வாரண்டி யார் பொறுப்பு என்பதையும் எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள்.