கணினியிலிருந்து ரிசீவருக்கு: எச்.டி.எம்.ஐ.யா, ஒப்டிகலா?

கணினியில் ஓடும் படத்தையும் விளையாட்டையும் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் பூட்டிய ரிசீவரில் (ஒலியைப் பிரித்துப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் பெட்டி) சரவுண்டாக, அதாவது நாலு பக்கமும் சூழ்ந்த ஒலியாக, கேட்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. வயர், அடுத்தது ஒலியை வெளிச்சமாக அனுப்பும் ஒப்டிகல் வயர், மூன்றாவது பழைய அனலொக் வயர்கள். புளூடூத்தை நான் சேர்க்கவே இல்லை. அதில் வருவது இரண்டு சானல், அதாவது இடம் வலம் என்று இரண்டு தனி ஒலிகள், மட்டும், அதனால் இந்தக் கதைக்குள் அதற்கு இடமில்லை.

நான் இருப்பது திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம். கடல் கூப்பிடு தூரத்தில். எல்லாவற்றையும் யோசித்து என் வீட்டில் ஒப்டிகலைத்தான் வைத்திருக்கிறேன். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் எச்.டி.எம்.ஐ.தான் வெல்லும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நான் முடிவெடுத்தது ஒலியின் தரத்தை வைத்து அல்ல. இந்தக் காற்றிலும் இந்த மின்னலிலும் எது பல வருடம் தாக்குப்பிடிக்கும் என்பதை வைத்து.

அனலொக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கணினியின் பின்பக்கம் பச்சை, கறுப்பு, செம்மஞ்சள் என்று மூன்று ஓட்டைகள் இருக்கும். பச்சை முன் ஸ்பீக்கர்களுக்கு, கறுப்பு பின் ஸ்பீக்கர்களுக்கு, செம்மஞ்சள் நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும். அங்கிருந்து ஆறு ஆர்.சி.ஏ. பிளக் (பழைய வட்டமான ஒலி பிளக்) ரிசீவருக்குப் போக வேண்டும். ரிசீவரில் அதற்கென்று ஆறு உள்ளீடுகள் வேண்டும். பழைய ரிசீவர்களில் அவை இருந்தன, புதியவற்றில் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். அவை இருந்தாலும்கூட, மைக் வைத்து அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்யும் வசதி அந்த உள்ளீட்டுக்குப் பொதுவாக வேலை செய்யாது. அதற்கு மேல் உப்புக்காற்று. ஆறு ஆர்.சி.ஏ. என்றால் களிம்பு பிடிக்க ஆறு இடம். நடு ஸ்பீக்கர் திடீரென்று ஊமையாகும், பிளக்கைப் பிடித்து ஒரு தடவை திருகினால் திரும்ப வரும். இந்த வேலையை மாதா மாதம் செய்ய விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் அனலொக்.

எச்.டி.எம்.ஐ.க்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். 2002இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே அது எட்டு சானல் பி.சி.எம். ஒலியை, அதாவது சுருக்காத ஒலியை, கொண்டுபோகும். கணினிக்கு இது பெரிய விஷயம். விளையாட்டு ஆடும்போது ஒலி அந்தந்தக் கணத்தில்தான் உருவாகிறது. எச்.டி.எம்.ஐ.யில் அதைச் சுருக்காமல், தாமதமில்லாமல், ஐந்து ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பலாம். விண்டோஸில் ஒலி அமைப்புக்குள் போய் ரிசீவரைத் தெரிந்து 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) என்று சொன்னால் போதும், வேலை முடிந்தது. 2006இல் 1.3 பதிப்பு வந்தபோது புளூரே படங்களின் உயர்தர ஒலி வகைகளான டொல்பி ட்ரூ எச்.டி., டி.டி.எஸ். எச்.டி. ஆகியவையும் அப்படியே போகத் தொடங்கின. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் அட்மோஸ் வேண்டுமென்றால் எச்.டி.எம்.ஐ.யை விட்டால் வேறு வழியில்லை. படமும் ஒலியும் ஒரே வயரில் போவதால் வாயசைவும் குரலும் பெரும்பாலும் ஒட்டி வரும்.

அன்றாடத் தொல்லைகளும் இருக்கின்றன. கணினியைப் பொறுத்தவரை எச்.டி.எம்.ஐ.யில் பூட்டிய ரிசீவர் ஒரு திரை. ரிசீவரை நிறுத்தினால் ஒரு திரை காணாமல் போனதாக நினைத்து, திறந்திருக்கும் ஜன்னல்களையெல்லாம் விண்டோஸ் இடம் மாற்றி வைக்கும். ரிசீவர் பழையது, 1.4 பதிப்பு என்றால் 4கே படம் விநாடிக்கு 30 பிரேமுக்கு மேல் போகாது. அதைத் தவிர்க்க, கணினியை நேராக டிவியில் குத்தி, டிவியிலிருந்து ஏ.ஆர்.சி. (எச்.டி.எம்.ஐ. வயரிலேயே ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ஒலியை ரிசீவருக்கு எடுக்கலாம் என்று பலர் செய்கிறார்கள். பழைய ஏ.ஆர்.சி.யில் சுருக்கிய 5.1 மட்டும்தான் வரும். சுருக்காத பல சானல் பி.சி.எம். வேண்டுமென்றால் டிவியும் ரிசீவரும் இரண்டுமே அதன் புதிய பதிப்பான ஈ.ஏ.ஆர்.சி. உள்ளவையாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எச்.டி.எம்.ஐ. வயரைப் போட்டும் ஒப்டிகல் தரும் ஒலிதான் கிடைக்கிறது.

சரி, இதெல்லாம் பழகிக்கொள்ளக்கூடியவை. நான் எச்.டி.எம்.ஐ.யை விட்டதற்குக் காரணம் மின்னல்.

இங்கே ஒக்டோபர் பிறந்தால் பின்னேரங்களில் வானம் கறுத்து இடி முழங்கத் தொடங்கும். வாடைக்காற்று முழுதாக விழுந்து மழை ஒழுங்குக்கு வரும்வரை அந்தப் பயம் இருக்கும். சித்திரை மாதப் பக்கமும் அப்படித்தான். மின்னல் நேராக வீட்டில் விழ வேண்டுமென்று இல்லை. கிட்ட எங்கேயோ விழுந்தாலும் கூரையில் இருக்கும் டிஷ் வயர், அன்ரனா வயர், தொலைபேசி வயர், கரண்ட் வயர் எல்லாவற்றிலும் ஒரு கணம் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் ஒரு வயரில் வந்து, வேறொரு வயர் வழியாக நிலத்துக்குப் போகப் பார்க்கும். வீட்டுக்குள் அதற்குப் பாலம் போட்டுக் கொடுப்பது செம்பு வயர்கள். டிஷ் பெட்டியிலிருந்து டிவிக்கு எச்.டி.எம்.ஐ., டிவியிலிருந்து ரிசீவருக்கு எச்.டி.எம்.ஐ., ரிசீவரிலிருந்து கணினிக்கு எச்.டி.எம்.ஐ. இப்படி வரிசையாகப் பூட்டி வைத்தால், கூரையில் ஏறியது கணினிவரை நடந்து வரும். எச்.டி.எம்.ஐ.யின் சமிக்ஞைகள் மிகச் சிறிய மின்னழுத்தத்தில் ஓடுபவை. அவற்றைக் கையாளும் சிப்புகள் இந்த அடியைத் தாங்கவே தாங்காது.

திருக்கடலூரில் என் மாமா வீட்டில் நடந்ததும் இதுதான். இடி விழுந்தது எங்கேயோ. இவர்கள் வீட்டில் கரண்ட் கூட நிற்கவில்லை. ரிசீவரின் விளக்கு எரிந்தது, அதில் வானொலி பாடியது, ஸ்பீக்கர்கள் எல்லாம் நல்லாயிருந்தன. எச்.டி.எம்.ஐ. ஓட்டைகளில் மட்டும் எதிலும் படம் இல்லை, சத்தம் இல்லை. திருத்தும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு அந்த அண்ணா சொன்னார்: “தம்பி, அம்ப்பில ஒரு பிழையும் இல்ல. எச்.டி.எம்.ஐ. போர்ட்தான் போயிட்டுது. இந்த மொடலுக்கு அது இனி எடுக்க ஏலாது. ஒப்டிகல்ல குடுத்துப் பாருங்க, பாடும்.” வீட்டில் கொண்டுவந்து ஒப்டிகலில் பூட்டினோம். பாடியது. இன்றைக்கும் பாடுகிறது.

ரிசீவரின் பாரமான பகுதி, ட்ரான்ஸ்ஃபோமரும் ஒலியைப் பெருக்கும் அம்ப்பும், எளிதில் சாகாது. முதலில் சாவது எச்.டி.எம்.ஐ. போர்ட். அதற்கு உதிரிப் பாகம் கொழும்பில் தேடினாலும் பழைய மொடல்களுக்குக் கிடைப்பது அரிது. எச்.டி.எம்.ஐ.யை நம்பி வாங்கிய ரிசீவரில் அந்த போர்ட் போனால் முழுப் பெட்டியும் போனது மாதிரி ஆகிவிடுகிறது, விற்கப் போனாலும் விலை இல்லை. ஒப்டிகல் பாவிக்கிறவருக்கு இதே விஷயம் நன்மையாக வரும். எச்.டி.எம்.ஐ. இல்லாத பழைய ரிசீவர், அல்லது எச்.டி.எம்.ஐ. செத்த ரிசீவர், மலிவாகக் கையில் வரும். அதற்குள் இருக்கும் அம்ப் புதிய மலிவு ரிசீவரின் அம்ப்பை விடப் பலமாகக்கூட இருக்கும். யப்பானிலிருந்து வரும் பாவித்த பெட்டி என்றால் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்து வாங்குங்கள். 100 வோல்ட் என்று இருந்தால் நமது 230இல் நேராகக் குத்தக் கூடாது, 230ஐ 100 ஆகக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும்.

ஒப்டிகல் வயரில் செம்பு இல்லை. 1983இல் தோஷிபா கொண்டுவந்த முறை அது: ஒரு மில்லிமீட்டர் பருமனான பிளாஸ்டிக் இழை, அதற்குள் சிவப்பு வெளிச்சம். வெளிச்சம் அணைந்து எரிவதுதான் ஒலியாக மாறுகிறது. கணினிக்கும் ரிசீவருக்கும் இடையில் அதன் வழியாக மின்சாரம் போவதற்கு வழியே கிடையாது. ஆகவே அந்தப் பக்கம் ஏறிய அழுத்தம் இந்தப் பக்கம் வராது. கரண்ட் வயர் வழியாக வருவதை இது தடுக்காது, இடி தொடங்குவதற்கு முன்பே பிளக்கைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் பெட்டிகளுக்கு இடையிலான பாலம் ஒன்று குறைகிறது.

அதே காரணத்தால் இரைச்சலும் போய்விடுகிறது. எர்த் சரியில்லாத பழைய வீடுகளில் கணினியையும் அம்ப்பையும் செம்பால் இணைத்தால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்கும். ஒப்டிகலில் அந்த முனகல் வர வழியில்லை.

உப்புக்கும் இதே பதில்தான். எச்.டி.எம்.ஐ. பிளக்கில் 19 நுண்ணிய தொடுகைகள். தங்கப் பூச்சு என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பூச்சு மெல்லியது. ஈரமும் உப்பும் சேர்ந்து மாதக் கணக்கில் வேலை செய்தால் படம் மினுங்கும், ஒலி வெட்டும், கழற்றிப் பூட்டினால் சரியாகும், பிறகு மறுபடி. ஒப்டிகல் முனையில் கறுத்துப்போக உலோகம் இல்லை. கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் தூசி படியும், அவ்வளவுதான். மென்மையான உலர்ந்த துணியால் நுனியை ஒற்றி எடுத்தால் போதும்.

இனி ஒப்டிகலின் குறை. அது சிறியதல்ல. அதில் சுருக்காத ஒலி என்றால் இரண்டு சானல் மட்டும்தான். 5.1 வேண்டுமென்றால் டொல்பி டிஜிட்டலாகவோ சாதாரண டி.டி.எஸ்.ஸாகவோ சுருக்கியே அனுப்ப வேண்டும். டொல்பி டிஜிட்டலின் உச்சம் விநாடிக்கு 640 கிலோபிட், டிவிடியில் உச்சம் 448. என் அறையில், என் ஸ்பீக்கர்களில், அதற்கும் ட்ரூ எச்.டி.க்கும் வித்தியாசம் எனக்குப் பிடிபடவில்லை. பெரிய அறையும் விலை கூடிய ஸ்பீக்கரும் உள்ளவர்களுக்குப் பிடிபடலாம், அதில் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். புளூரே தட்டுகளில் ட்ரூ எச்.டி.யோடு கூடவே டொல்பி டிஜிட்டல் ஒலியும் இருக்கும், டி.டி.எஸ். எச்.டி.க்குள்ளும் சாதாரண டி.டி.எஸ். ஒன்று அடங்கியிருக்கும். ஆகவே ஒப்டிகலில் அவை ஊமையாகப் போவதில்லை.

படம் பார்ப்பதற்கு நான் கோடி என்ற இலவச பிளேயரைப் பாவிக்கிறேன். அதில் ஓர் இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள். ஒலி அமைப்பில் எத்தனை சானல் என்று கேட்கும். வீட்டில் ஆறு பெட்டி இருக்கிறது என்று 5.1 என்று கொடுத்தால் ஒப்டிகலில் சரவுண்ட் வராது. அங்கே 2.0 என்று கொடுக்க வேண்டும். பிறகு பாஸ்த்ரூவை (சுருக்கிய ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் வசதி) இயக்கி, ரிசீவருக்கு டொல்பி டிஜிட்டலும் டி.டி.எஸ்.ஸும் தெரியும் என்று குறித்துவிட்டு, கீழே இருக்கும் டொல்பி டிஜிட்டல் ட்ரான்ஸ்கோடிங்கையும் இயக்க வேண்டும். அப்போதுதான் ஏ.ஏ.சி. போன்ற வேறு வகையில் வரும் 5.1 ஒலியையும் அது அந்த நேரமே டொல்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்பும். படம் தொடங்கியதும் ரிசீவரின் முகப்பில் டொல்பி விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பி.சி.எம். என்று நின்றால் எங்கேயோ ஓர் அமைப்பு விடுபட்டிருக்கிறது.

விளையாட்டுதான் ஒப்டிகலின் பலவீனம். விளையாட்டின் ஒலியை அந்தக் கணமே டொல்பி டிஜிட்டலாகவோ டி.டி.எஸ்.ஸாகவோ சுருக்க டொல்பி டிஜிட்டல் லைவ் அல்லது டி.டி.எஸ். கனெக்ட் உள்ள சவுண்ட் கார்ட் வேண்டும். மதர்போர்டில் ஒப்டிகல் ஓட்டை இருப்பதால் மட்டும் இந்த வசதி இருக்குமென்று நம்பக் கூடாது. லினக்ஸில் அதன் ஒலி அமைப்பான அல்சாவின் ஏ52 பிளக்இன் இதே வேலையைச் செலவில்லாமல் செய்கிறது, அமைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். மக் கணினிகளில் நான் அதிகம் கை வைத்ததில்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

இன்னொன்று, படம் நேராக டிவிக்கும் ஒலி தனியாக ரிசீவருக்கும் போவதால் வாயசைவு பிந்தலாம். டிவி படத்தை மெருகேற்ற எடுக்கும் நேரம்தான் காரணம். டிவியை கேம் மோடில் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லையென்றால் ரிசீவரில் ஒலியைச் சில மில்லிசெக்கன் பிந்தவிடும் அமைப்பு இருக்கும், அதைக் கூட்டிப் பார்க்கலாம்.

அட்மோஸ் ரிசீவர் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும், விளையாட்டே முக்கியம் என்பவர்களும் எச்.டி.எம்.ஐ.யிலேயே போங்கள். ஆனால் டிஷ் பெட்டியை மட்டும் ரிசீவரில் நேராகப் பூட்டாதீர்கள், அது டிவியோடு நிற்கட்டும்; டிவியும் ரிசீவரும் எச்.டி.எம்.ஐ.யில் இணைந்திருந்தால் அப்போதும் பாலம் முழுதாக அறுந்துவிடாது. டிஷ் பெட்டியின் ஒலியை ஒப்டிகலில் எடுக்கலாம். ஒளி இழையில் செய்த எச்.டி.எம்.ஐ. வயர் வாங்கினால் மின்னலுக்குப் பயமில்லை என்று சொல்வார்கள். அவற்றில் பலவற்றில் படம் போகும் பாதை மட்டும்தான் ஒளி இழை, மற்றச் சமிக்ஞைகளுக்கு உள்ளே செம்பு இருக்கத்தான் செய்கிறது.

ஒப்டிகல் வாங்குபவர்களுக்கு: இரண்டு முனையிலும் வரும் சிறிய பிளாஸ்டிக் மூடிகளை எறிய வேண்டாம். வயரைக் கழற்றி வைக்கும் நேரத்தில் அவற்றைப் போட்டு வையுங்கள். ரிசீவரின் பாவிக்காத ஓட்டைகளையும் மூடி வையுங்கள், இங்கே எறும்பு நுழையாத ஓட்டை இல்லை. மேசைக்கும் சுவருக்கும் நடுவில் வயரை மடித்து நெரிக்காதீர்கள், இழை உள்ளே வெடித்தால் வெளியே தெரியாது. சந்தேகம் வந்தால் ஒரு முனையைக் கணினியில் பூட்டி மறுமுனையை உள்ளங்கைக்கு நேரே பிடியுங்கள். சிவப்புப் புள்ளி தெளிவாக விழுந்தால் வயரில் பிழையில்லை. ஐந்து மீட்டருக்குள் இருப்பதே நல்லது.

இப்போது வரும் லப்டொப்களில் ஒப்டிகல் ஓட்டை இருப்பதில்லை. யூ.எஸ்.பி.யில் குத்தும் சிறிய சவுண்ட் கார்டுகள் உண்டு, ஆனால் மிக மலிவானவை பல இரண்டு சானல் பி.சி.எம்.மோடு நின்றுவிடும். பெட்டியில் டொல்பி டிஜிட்டல் பாஸ்த்ரூ என்று இருந்தால் படத்துக்குப் போதும், விளையாட்டுக்கும் வேண்டுமென்றால் டொல்பி டிஜிட்டல் லைவ் அல்லது டி.டி.எஸ். கனெக்ட் என்றே எழுதியிருக்க வேண்டும். கடையில் கேட்டு, முடிந்தால் அங்கேயே ஒரு ரிசீவரில் பூட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.